கன்னடியன் கால்வாயை ஃப்ளோசார்ட்டில் ஓடவிட்ட கதை

கோடை லீவில் ஒரு மத்தியானம், ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் புதுசாக என்ன செய்யலாம் என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் தொடங்கியது இது. பத்தமடைக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில் ஒரு ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் நான். தமிழ்தான் என் பாடம், ஆள் பற்றாக்குறையில் சமூக அறிவியலும் என் தலையில் விழுந்து நாலைந்து வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டினாற்போலக் கன்னடியன் கால்வாய் போகிறது. பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் "மேல இருந்து சார்" என்று மலைப் பக்கம் கையைக் காட்டுவார்கள். சரி, தாமிரபரணியை முழுசாக ஒரு மைண்ட் மேப்பாகப் போட்டுக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மைண்ட் மேப் எங்களுக்குப் புதுசில்லை. படைப்பாற்றல் கல்வி வந்த காலத்திலேயே பாடம் முடிந்ததும் பிள்ளைகள் நோட்டில் மனவரைபடம் வரைய வேண்டும் என்று இருந்தது, நடுவில் வட்டம், சுற்றிலும் கிளை, கலர் பென்சில். அதையே கம்ப்யூட்டரில் செய்ய ஃப்ரீபிளேன் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொண்டேன். நெட் வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். டேப் விசையைத் தட்டினால் உள்கிளை, என்டர் தட்டினால் பக்கத்துக் கிளை, ஸ்பேஸ் தட்டினால் கிளை மடங்கிக்கொள்ளும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் மவுஸே தேவைப்படாது, யோசிக்கிற வேகத்துக்குக் கை போகும்.

முதல் நாளே ஒரு அடி வாங்கினேன். கிளையைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும்போது தெரியாமல் ஏதாவது ஒரு எழுத்தைத் தட்டினால், அதில் இருந்த சொல் போய்விட்டு அந்த எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஸ்ரீவைகுண்டம் இருந்த இடத்தில் வெறும் 'க' நின்றதை அரைமணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். விருப்பத் தேர்வுகளில் தேடினால், எழுத்தைத் தட்டினால் என்ன ஆக வேண்டும் என்று நாமே சொல்ல ஒரு இடம் இருக்கிறது. அதில் 'ஒன்றும் செய்யாதே' என்று வைத்துவிட்டேன். தமிழ் விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தட்டுகிறவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

நாலு நாளில் மேப் பெரிதாக வளர்ந்துவிட்டது. நடுவில் தாமிரபரணி. ஒரு பக்கம் அணைகள்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்னொரு பக்கம் வந்து சேரும் ஆறுகள், மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு. அப்புறம் 8 அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்கள். அதற்குக் கீழே குளங்கள், கார், பிசானம் என்ற நெல் போகங்கள், வாழை என்று போய்க்கொண்டே இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். "மரம் மாதிரி இருக்கு" என்றார்கள். அதில்தான் கோளாறு இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜூனில் புரொஜெக்டரில் போட்டுக் காட்டியபோது இரண்டாவது பெஞ்சில் இருந்து ஒரு பெண் கேட்டாள், "சார், இதுல தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?"

யோசித்துப் பாருங்கள். சிற்றாறு குற்றாலத்துப் பக்கமிருந்து வந்து சீவலப்பேரியில் ஆற்றில் கலக்கிறது, தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. கன்னடியன் கால்வாய் ஆற்றிலிருந்து பிரிந்து போகிறது, தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது. என் மேப்பில் இரண்டும் நடுவட்டத்திலிருந்து வெளியே நீளும் ஒரே மாதிரிக் கோடுகள். மைண்ட் மேப்பின் அமைப்பே அதுதான், எல்லாம் நடுவிலிருந்து வெளியே போகும். எதற்கு முன்னால் எது, எது எதில் போய்ச் சேரும் என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆற்றை நான் ஒரு பூசணிக்கொடி மாதிரிப் படர விட்டிருந்தேன்.

அன்றைக்கு அந்த வகுப்பு பாதியில் நின்றது. அடுத்த பீரியட் தமிழ் இலக்கணம், பெயர்ச்சொல், வினைச்சொல். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சட்டென்று பொறி தட்டியது. என் மேப்பில் இருந்த அத்தனை சொல்லும் பெயர்ச்சொல். அணை, ஆறு, குளம், நெல். ஒரு வினைகூட இல்லை. அந்தப் பெண் கேட்டது வினையை: வரும், போகும், நிரம்பும், திறப்பார்கள். வினை வேண்டுமென்றால் வேறு படம் வேண்டும்.

இதை இப்போது வகுப்பில் விதியாகவே வைத்திருக்கிறோம். சொல்ல வேண்டியதை முதலில் துண்டுத் தாள்களில் எழுது. எல்லாம் பெயர்ச்சொல்லாக வந்தால் மனவரைபடம். ஏவல் வினையும் கேள்வியும் வந்தால் ஃப்ளோசார்ட், அதாவது ஒரு வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று பெட்டியும் அம்புமாகக் காட்டும் படம். ஃப்ளோசார்ட்டுக்கு நம்ம மொழி எவ்வளவு தோதானது என்பதும் இதில்தான் எனக்குப் புரிந்தது. செவ்வகத்துக்குள் ஏவல்: திற, அடை, காத்திரு. சாய்சதுரத்துக்குள் ஆகார வினா: நீர் போதுமா? குளம் பெருகியதா? ஒரே ஒரு 'ஆ' போட்டால் ஆம், இல்லை என்று இரண்டு வழி பிரிந்துவிடும். 'எவ்வளவு நீர் இருக்கிறது?' என்று எழுதினால் சாய்சதுரத்துக்கு ஆகாது, அதற்கு நூறு பதில் உண்டு. வினா எழுத்துகளை நடத்த இதைவிட நல்ல சாக்கு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

நடுவில் ஒரு வகையும் உண்டு. ஒரு பையன் மைண்ட் மேப்பில் கோட்டின் மேலேயே 'நிரப்பும்', 'வளர்க்கும்' என்று எழுதி வைத்திருந்தான். கால்வாய், நிரப்பும், குளம். எழுவாயும் செயப்படுபொருளும் வட்டத்துக்குள், பயனிலை கோட்டின் மேல். தப்பு என்று அடிக்கப் போனேன், நல்லவேளை அடிக்கவில்லை. அதற்குக் கருத்து வரைபடம் என்றே பெயர் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்பவர் பிள்ளைகள் அறிவியலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராயும்போது உருவாக்கியது. நம்ம மைண்ட் மேப்பை டோனி புசான் பிரபலப்படுத்தியதும் ஏறக்குறைய அதே காலம்தான். ஃப்ளோசார்ட் இரண்டுக்கும் மூத்தது. தொழிற்சாலையில் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று காட்ட 1921இல் கில்பிரெத் தம்பதியர் அமெரிக்கப் பொறியாளர்கள் முன்னால் வைத்த படமுறையிலிருந்து வந்தது. வேலையைக் காட்டப் பிறந்தது என்பதால் அதில் வினை இருப்பதில் ஆச்சரியமில்லை.

சரி, ஃப்ளோசார்ட்டை எதில் தொடங்குவது? நேராக அணை, ஷட்டர் என்று போனால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கன்னடியன் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தனக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு கால்வாய் வெட்ட நினைக்கிறார், எந்த வழியாக வெட்டுவது என்று அகத்தியரிடம் கேட்கிறார், அவர் ஒரு பசுவின் பின்னாலேயே போகச் சொல்கிறார். ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பாட்டி சொன்னபடி, பசு நடந்த வழியெல்லாம் கால்வாய், நின்ற இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம்.

இதைவிட நல்ல ஃப்ளோசார்ட்டை யார் எழுத முடியும்? பசு நின்றதா? ஆம் என்றால் மடை கட்டு. படுத்ததா? ஆம் என்றால் குளம் வெட்டு. இரண்டும் இல்லையா, வெட்டிக்கொண்டே பின்னால் போ. கம்ப்யூட்டருக்குப் போவதற்கு முன்பே இதை வராந்தாத் தரையில் சாக்பீஸால் வரைந்தோம், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பெரிய பெட்டிகளாக. ஒருத்தி பசு, ஒருத்தன் கன்னடியன், மற்றவர்கள் சுற்றிலும். பசு நடக்க, கன்னடியன் ஒவ்வொரு பெட்டியாகக் கால் வைத்துப் போனான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஆறாவது சுற்றில் பசு "சார் கால் வலிக்கி" என்று நின்றுவிட்டது. வளையத்திலிருந்து வெளியே வர நான் வழியே வைக்கவில்லை. 'கால்வாய் முடிந்ததா?' என்று ஒரு சாய்சதுரம் அப்போதுதான் வந்தது. முடிவில்லாத சுழற்சி என்றால் என்ன என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் நிஜக் கால்வாய். கம்ப்யூட்டரில் வரைய டிரா.ஐஓ எடுத்துக்கொண்டேன், இதுவும் இலவசம், டெஸ்க்டாப்பில் இறக்கிவிட்டால் நெட் இல்லாமல் ஓடும். அதில் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். அம்பை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் விட்டால் ஒட்டின மாதிரித் தெரியும், ஒட்டியிருக்காது, பெட்டியை நகர்த்தினால் அம்பு அங்கேயே அநாதையாக நிற்கும். அம்பு நுனி மேலே வரும்போது பெட்டியின் ஓரம் நிறம் மாறி ஒளிரும், அப்போதுதான் விட வேண்டும். அடுத்தது, சாய்சதுரத்தில் இடம் போதவே போதாது. 'நீர்மட்டம் போதுமான அளவில் உள்ளதா?' என்று நான் எழுதியது நாலு பக்கமும் பிதுங்கியது. கணக்கு டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "சாய்சதுரத்துக்குள்ள அடங்குற பெரிய செவ்வகமே அதோட பரப்புல சரிபாதிதான் சார், எழுத்தைச் சின்னதாக்குறதைவிட வாக்கியத்தைச் சின்னதாக்குங்க" என்றார்கள். 'நீர் போதுமா?' என்று மாற்றினேன், உட்கார்ந்துகொண்டது.

இணைகரப் பெட்டி உள்ளீட்டுக்கு. அதில் 'இன்றைய அணை நீர்மட்டம்' என்று போட்டோம். ஜூன் மாதம், கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். பேப்பரில் வருகிற நீர்மட்டத்தை தினமும் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வரும், கரும்பலகை ஓரத்தில் எழுதுவோம். எந்த அளவு வந்தால் திறப்பார்கள் என்று ஒரு எண்ணை நானே போட்டுவிடப் பார்த்தேன், அது நம் கையில் இல்லாத விஷயம் என்பதால் 'திறக்க உத்தரவு வந்ததா?' என்று வைத்தோம். இல்லை என்றால் காத்திரு, மறுபடி பேப்பர் பார். அந்த வளையத்தில் எங்கள் வகுப்பு நிஜமாகவே பல நாள் சுற்றியது.

பெரிய திருத்தம் வந்தது அதற்கடுத்த கட்டத்தில். நான் வரைந்திருந்தது இப்படி: மடையைத் திற, நீர் குளத்துக்குப் போகட்டும், குளம் பெருகியதா? இல்லை என்றால் காத்திரு, ஆம் என்றால் மடையை அடை, முடிவு. அழகாக, சுத்தமாக இருந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன், அதிகம் பேசமாட்டான், அவன் அப்பா தண்ணீர் பாய்ச்சும் வேலைக்குப் போகிறவர். எழுந்து நின்றான்.

"எந்த மடை சார்?"

"ஏன், மடைதான்."

"கால்வா மடையா, கொளத்து மடையா? அது வேற இது வேறல்லா."

கால்வாயிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் விடுகிற இடத்துக்கும், குளத்திலிருந்து வயலுக்கு விடுகிற இடத்துக்கும் நான் ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். எனக்கு வாசிக்கும்போது புரிந்தது, ஏனென்றால் எழுதியது நான். அவன் விடவில்லை. "பொறவு, கொளம் பெருகிட்டுன்னா முடிவுன்னு போட்டிருக்கியளே சார். பெருகினா மறுகால் பாயும்லா. அடுத்த கொளத்துக்குப் போவும். அதுவும் பெருகினா அதுக்கடுத்தது."

குளம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால் என்ற சொல்லே என் படத்தில் இல்லை. நெல்லைச் சீமையில் பிறந்து வளர்ந்த தமிழ் வாத்தியார் வரைந்த குளத்தில் மறுகால் இல்லை! குளம் நிரம்பினால் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தது ஒரு வாளியைப் பற்றி யோசிக்கிற புத்தி. சங்கிலி மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கிற குளங்களில் ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம். 'முடிவு' முட்டையை அழித்துவிட்டு 'அடுத்த குளம் உண்டா?' என்று ஒரு சாய்சதுரம் வைத்தோம். ஆம் என்றால் அம்பு மேலே போய் 'குளம் பெருகியதா?' வில் சேரும். இருபது குளத்துக்கு இருபது படம் வரைய வேண்டாம், ஒரே வளையம் போதும். இதைச் சொன்னது எட்டாம் வகுப்புப் பையன், கம்ப்யூட்டர் வகுப்பில் இன்னும் வளையம் என்ற பாடத்தையே தொடாதவன்.

சரி, இவ்வளவு ஆகிவிட்டது, பெரிதாக அச்சடித்து வராந்தாவில் மாட்டலாம் என்று கிளம்பினேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காத எஸ்விஜி கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு டவுனில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே திறந்தால் பெட்டியும் அம்பும் இருக்கிறது, எழுத்தைக் காணோம், அதற்குப் பதில் 'டெக்ஸ்ட் இஸ் நாட் எஸ்விஜி' என்று ஏதோ வரி. கடைத் தம்பி, "அண்ணாச்சி, எழுத்தை நாங்களே அடிச்சுத் தாரோம்" என்று அவர் வழக்கமாகப் போடும் பழைய மென்பொருளில் நான் கொடுத்த வேர்டு கோப்பிலிருந்து ஒட்டினார். கோடைமேலழகியான் என்பதில் முதல் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம், 'க' எங்கேயோ. யூனிகோடு தமிழில் கொம்பும் காலும் எழுத்தைச் சுற்றிப் போய் உட்கார, மென்பொருளுக்கு அந்த ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பழைய பதிப்புகளில் இப்படித்தான் சிதறும்.

திரும்பி வந்து உட்கார்ந்து பார்த்ததில் தப்பு என் பக்கம்தான். டிரா.ஐஓ தன் எழுத்தை வலைப்பக்கம் மாதிரியான வடிவில் எஸ்விஜிக்குள் வைக்கிறது, உலாவியில் திறந்தால் தெரியும், மற்ற வரைபட மென்பொருள்களில் பெரும்பாலும் தெரியாது. எழுத்துத் தாவலில் 'ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்', 'வேர்ட் ராப்' என்று இரண்டு டிக் இருக்கின்றன. எல்லாப் பெட்டிகளையும் தேர்ந்தெடுத்து அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் நிஜமான எழுத்தாகப் போகும். ஆனால் வரியை நாமே உடைக்க வேண்டும், அப்போதும் கடைக்காரர் கம்ப்யூட்டரில் தமிழ் சரியாக வருமா என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. நான் சுற்றி வளைக்காமல் படமாகவே, பிஎன்ஜியாக எடுத்துவிட்டேன். ஃப்ளெக்ஸ் 4 அடிக்கு 3 அடி. ஒரு அங்குலத்துக்கு 100 புள்ளி என்று வைத்தால் 4800க்கு 3600 புள்ளிகள், தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது தாராளம். ஏற்றுமதி செய்யும்போது பெரிதாக்கும் சதவீதத்தைக் கூட்டினால் அந்த அளவு வந்துவிடும். இப்படிக் கொடுத்ததை யாரும் எழுத்து மாற்ற முடியாது, அதுவே ஒரு நிம்மதி. முதல் அச்சுக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான்.

மைண்ட் மேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பருவத்துக்கான பாடத் திட்டம், கண்காட்சிக்கு என்ன என்ன வேண்டும், யாரிடம் என்ன இருக்கிறது, இதற்கெல்லாம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனதில் இருப்பதையெல்லாம் வரிசை பார்க்காமல் கொட்டுவேன், அப்புறம் மடக்கி விரித்து இடம் மாற்றுவேன். எதற்கு முன்னால் எது என்ற கேள்வி வந்த நிமிஷம் அதை மூடிவிட்டு ஃப்ளோசார்ட்டுக்குப் போய்விடுவேன். முன்பெல்லாம் கிளைகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு ஒப்பேற்றுவேன், இப்போது எண் போடத் தோன்றினாலே படம் மாற வேண்டிய நேரம் என்று தெரிந்துவிடுகிறது. தமிழ்ச் சொல் நீளம் என்பதால் கிளைக்கு ஒரு சொல் என்பதைக் கறாராகப் பிடித்துக்கொள்கிறேன். 'தண்ணீர் திறந்துவிடப்படுதல்' வேண்டாம், 'திறப்பு' போதும்.

ஃப்ளெக்ஸ் வராந்தாவில் மாட்டிய வாரம் பெற்றோர் கூட்டம். அந்தப் பையனின் அப்பா வந்தார், மகன் மார்க்கைப் பார்த்ததைவிட அதிக நேரம் படத்தைப் பார்த்தார். விரலால் அம்புகளைத் தொட்டுத் தொட்டு மேலிருந்து கீழே வந்தார். மறுகால் இடத்தில் லேசாகச் சிரித்தார், அது மகன் வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் என்னிடம் வந்து, "எல்லாம் சரிதான் சார். ஆனா தண்ணி கொறைவா வந்தா முறை வச்சுல்லா பாய்ச்சுவோம். எங்க கொளத்துல மொதல்ல கடைமடைக்குத்தான் விடுவோம், தலைமடைக்காரன் எப்படியும் எடுத்துக்கிடுவான்லா. இதுல தலைமடைல இருந்து போட்டிருக்கியளே" என்றார்.

மறுநாள் பையன் ஒரு கறுப்பு மார்க்கரைக் கொண்டு வந்தான். ஃப்ளெக்ஸின் மேலேயே ஒரு சாய்சதுரம் வரைந்து 'நீர் குறைவா?' என்று எழுதி, ஆம் பக்கத்து அம்பை நீளமாக இழுத்துக் கீழே கடைமடையில் கொண்டுபோய் விட்டான். கோடு கொஞ்சம் கோணல். கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்பில் இன்னும் அதைச் சேர்க்கவில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டும்.